தெற்குத் தீவில் மோட்டார்ஹோம்: செலவு எங்கே கூடுகிறது?

படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு வீடு போல அமைந்த வண்டிதான் மோட்டார்ஹோம். நியூசிலாந்தின் தெற்குத் தீவை அதில் சுற்றிவருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். டாலர் என்று வரும் இடமெல்லாம் நியூசிலாந்து டாலர்.

நாங்கள் நான்கு பேர். பிள்ளைகளுக்கு வயது 9, 5. பள்ளி விடுமுறையில், ஏப்ரல் கடைசியில் 12 நாள் போக நினைக்கிறோம். இணையத்தில் வண்டியின் நாள் வாடகை மலிவாகத் தெரிகிறது. அதை வைத்தே பட்ஜெட் போடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

போடாதீர்கள். நாள் வாடகை என்பது மொத்தச் செலவில் ஒரு பங்குதான். மீதி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் கணக்கு கைக்குள் நிற்கும்.

முதலில் தூரம். கிறைஸ்ட்சர்ச்சில் புறப்பட்டு டெகாப்போ, மவுண்ட் குக், குயின்ஸ்டவுன், டி அனாவ், மில்ஃபர்ட் சவுண்ட், வனாகா, ஃபிரான்ஸ் ஜோசப், கிரேமவுத் வழியாக ஆர்தர்ஸ் பாஸ் ஏறித் திரும்பினால் ஏறக்குறைய 1,950 கிலோமீட்டர் வரும். நான்கு பேர் படுக்கும் டீசல் வண்டி 100 கிலோமீட்டருக்குச் சுமார் 12 லிட்டர் குடிக்கும். ஆக 235 லிட்டர். ஆறு பேர் வண்டி எடுத்தால் இன்னும் கூடும். பிள்ளைகள் தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய வண்டி எடுப்பவர்கள் வாடகையிலும் டீசலிலும், வடக்குத் தீவுக்கும் போனால் கப்பல் கட்டணத்திலும், மூன்று முறை அதற்கு விலை கொடுக்கிறார்கள். உங்களுக்கு நான்கு பேர் வண்டி போதும்.

பெட்ரோல் பங்கில் டீசல் விலைப் பலகையைப் பார்த்துப் பெட்ரோலைவிட இவ்வளவு மலிவா என்று மகிழ வேண்டாம். அங்கே பெட்ரோல் விலையிலேயே சாலை வரி அடக்கம். டீசலில் அது கிடையாது. டீசல் வண்டிக்கு ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டு ‘ரோடு யூசர் சார்ஜ்’ என்று தனியாகக் கட்ட வேண்டும். 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர் என்பது அரசு விகிதம். வாடகை நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே வாங்கும். உங்கள் சுற்றுக்கு 150 டாலருக்குக் குறையாது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கையில் நீட்டப்படும் இந்த ரசீதுதான் பலரைத் திகைக்க வைக்கிறது.

அடுத்தது இன்சூரன்ஸ். அடிப்படை இன்சூரன்ஸில் விபத்து நேர்ந்தால் உங்கள் பங்கு பல நிறுவனங்களில் 5,000 டாலரைத் தாண்டும். அந்தத் தொகையை வண்டி எடுக்கும்போதே கார்டில் பிடித்து வைப்பார்கள். ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டுதான் வேண்டும் என்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டைப் பலர் ஏற்பதில்லை. கார்டு வரம்பு போதுமா என்று ஊரிலேயே வங்கியில் பேசிவிடுங்கள். பிடித்து வைப்பதா, பணமாகவே எடுத்துப் பின்னர் திருப்புவதா என்றும் கேளுங்கள். பணமாக எடுத்தால் போகும்போதும் வரும்போதும் மாற்று விகிதத்தில் நஷ்டம். உங்கள் பங்கைக் குறைக்கும் இன்சூரன்ஸுக்கு நாள்வாரியாகக் கட்டணம் உண்டு; முதல் முறை ஓட்டுபவர் அதை எடுப்பதே நல்லது. எடுத்தாலும் கூரை அடிபடுவது, அடிப்பாகம் அடிபடுவது, டீசல் டாங்கியில் பெட்ரோலோ தண்ணீரோ ஊற்றிவிடுவது பல ஒப்பந்தங்களில் சேராது. டாங்கியில் தண்ணீரா என்று சிரிக்காதீர்கள். குடிநீர் நிரப்பும் மூடியும் டீசல் மூடியும் வண்டியின் ஒரே பக்கத்தில் இருக்கும். அசதியில் கை தவறுகிறது. ஹோஸைச் செருகும் முன் மூடியில் உள்ள எழுத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

படுக்கை எண்ணிக்கையும் சீட் பெல்ட் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஏழு வயது நிரம்பாத பிள்ளைக்கு அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். உங்கள் இளையவருக்கு அது வேண்டும். மோட்டார்ஹோமின் எல்லா இருக்கையிலும் அதைப் பொருத்த முடியாது. எந்த இருக்கை என்று முன்பதிவின்போதே எழுத்தில் வாங்குங்கள்.

ஏப்ரல் கடைசி நல்ல தேர்வு. டிசம்பர், ஜனவரி வாடகையோடு ஒப்பிட்டால் நன்றாக இறங்கியிருக்கும். குயின்ஸ்டவுன் அருகே ஆரோடவுன் பக்கம் மரங்களின் இலைகளெல்லாம் மஞ்சளாகி நிற்கும். ஆனால் ஆறு மணிக்கே இருட்டும். ஏப்ரலில் அங்கேயும் இரண்டு வாரம் பள்ளி விடுமுறை வருகிறது, அப்போது வண்டியோடு கட்டணம் கட்டித் தங்கும் ஹாலிடே பார்க்குகள் நிரம்பும். ஏப்ரல் 25 ஆன்சாக் தினம், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் அரசு விடுமுறை. மதியம் ஒரு மணி வரை கடைகள் பெரும்பாலும் திறக்காது. முந்தைய நாளே பாலும் ரொட்டியும் வாங்கி வையுங்கள்.

நியூசிலாந்தில் எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தித் தூங்கலாம், காசே வேண்டாம் என்கிறார்களே?
— வாசகர், ஈரோடு

அது பழைய கதை. 2023இல் சட்டம் மாறிவிட்டது. உள்ளாட்சி மன்றங்களின் இடங்களில் இலவசமாகத் தங்க, வண்டி ‘செல்ஃப் கன்டெய்ன்ட்’ (கழிப்பறை, தண்ணீர், கழிவுத் தொட்டி எல்லாம் தன்னிடமே கொண்டது) என்ற சான்று பெற்றிருக்க வேண்டும் என்பதே இப்போது பொதுவிதி. அதற்கு அடையாளம் பச்சை ஸ்டிக்கர். வண்டியோடு நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருந்தால்தான் பச்சை கிடைக்கும். இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்த பிளாஸ்டிக் கழிப்பறைக்கு அந்தக் காலத்தில் நீல ஸ்டிக்கர் கிடைத்தது. மலிவு வேன்களில் அந்த நீலத்தைக் கண்டால் விலகிக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், உள்ளே இருக்கும் சான்று அட்டையில் எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரை என்பதையும் படியுங்கள். இரண்டு பேருக்குச் சான்று பெற்ற வண்டியில் நான்கு பேர் தூங்கினால் அது விதிமீறல். அபராதம் 400 டாலர் வரை போகலாம். கழிவைத் தரையில் கொட்டினால் இன்னும் அதிகம். 400 டாலருக்கு ஐந்தாறு இரவு நல்ல கேம்ப்சைட்டில் நிம்மதியாகத் தங்கிவிடலாம்.

ஸ்டிக்கர் இருந்தாலும் எல்லா இடமும் திறந்துவிடாது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி விதி. ஓரிடத்தில் இரண்டு இரவு, இன்னோரிடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகள் மட்டும், சுற்றுலா ஊர்களின் தெருக்களில் அறவே கூடாது. கேம்பர்மேட், ரேங்கர்ஸ் என்ற இரண்டு இலவசச் செயலிகளில் இடம் தேடலாம். போய்ச் சேர்ந்ததும் அங்கே நட்டிருக்கும் பலகையைப் படியுங்கள். செயலி சொல்வதைவிடப் பலகை சொல்வதே செல்லும்.

எங்கள் யோசனை, முழு இலவசத்தைத் துரத்தாமல் கலந்து தங்குவது. இயற்கைப் பாதுகாப்புத் துறையை அங்கே ‘டாக்’ என்பார்கள். அவர்களுடைய கேம்ப்சைட்டுகள் ஏரிக்கரையிலும் மலையடியிலும் இருக்கின்றன. மவுண்ட் குக் அடிவாரத்து வைட் ஹார்ஸ் ஹில் அப்படி ஒன்று. கட்டணம் ஆள் கணக்கு, பிள்ளைகளுக்குப் பாதி, ஐந்து வயதுக்குக் கீழே இலவசம். மின்சாரம் இராது. இரண்டு இரவு அங்கே, மூன்றாம் இரவு மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க்கில். அன்று துணி துவைத்து, வெந்நீரில் குளித்து, பேட்டரி ஏற்றி, கழிவைக் கொட்டி, தண்ணீர் பிடித்து, பார்க்கின் பொதுச் சமையலறையில் மறுநாளுக்கும் சேர்த்துச் சமைத்துக்கொள்ளலாம்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்வது எப்படி? நாம் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள் அல்லவா?
— வாசகி, கிள்ளான், மலேசியா

கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி. பயணத்தையே கெடுக்கக்கூடிய விஷயம் இதுதான்.

கழிப்பறைக்கு அடியில் ‘கேசட்’ என்று ஒரு பெட்டி இருக்கும். கொள்ளளவு 18 லிட்டர் அளவில். நிரம்பினால் 20 கிலோ கனக்கும். குவளை குவளையாகக் கழுவும் பழக்கத்தில் ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் போனால், நான்கு பேருக்கு இரண்டு நாள் தாங்குவதே பெரிது. அரை லிட்டர் பிழியும் பாட்டில் ஒன்றை, மூடியில் துளையிட்டு, கழிப்பறையில் வையுங்கள். 200 மில்லியில் வேலை முடியும். டிஷ்யூவால் துடைத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. ஈரத்துடைப்பான் எதையும் உள்ளே போடக் கூடாது; அது கரையாது, கத்தியில் மாட்டும்.

அந்தக் ‘கத்தி’ என்பது கழிப்பறைக் கிண்ணத்துக்கும் பெட்டிக்கும் நடுவே நகரும் தட்டு. பயன்படுத்தும் நேரம் தவிர எப்போதும் மூடியிருக்க வேண்டும். திறந்தபடி வண்டி ஓடினால் வளைவுகளில் அலம்பி மேலே வரும். மலை ஏறிய பிறகு பெட்டிக்குள் காற்றழுத்தம் கூடியிருக்கும். மேல்மூடியைச் சாத்தி வைத்துக்கொண்டு கத்தியை மெல்லத் திறந்தால் தெறிக்காது.

கழிவு கொட்டும் இடத்துக்கு ‘டம்ப் ஸ்டேஷன்’ என்று பெயர். ஊருக்குள் பெரும்பாலும் இலவசம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கத்தி மூடியிருக்கிறதா பாருங்கள். வெளிப்புறக் கதவைத் திறந்து கொக்கியைத் தூக்கினால் பெட்டி நேராக வெளியே வரும். நிமிர்த்தி வைத்து, ஊற்றும் குழாயை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றித் தள்ளி வையுங்கள். குழிக்குள் விழுந்துவிட்டால் மூடி தனியாகக் கிடைப்பது சிரமம். பெட்டியின் பின்புறம் கட்டைவிரலுக்கு எட்டும்படி ஒரு பொத்தான் இருக்கும். அது காற்று புகும் வழி. குழாய் வாய் குழிக்குள் இறங்கிய பிறகு அதை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தினால் ஒரே சீராக ஓடும். அழுத்த மறந்தால் குபுக் குபுக்கென்று விட்டு விட்டு வந்து காலில் தெறிக்கும். காலியானதும் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக் குலுக்கி ஊற்றுங்கள், இரண்டு தடவை. அங்கே இரண்டு குழாய் இருக்கும். பெட்டி கழுவுவது ஒன்று, குடிநீர் பிடிப்பது வேறு. குடிநீர் ஹோஸைத் தவறிக்கூடக் கழுவும் குழாயில் மாட்டாதீர்கள்.

கடைசியில் பெட்டிக்குள் இரண்டு லிட்டர் தண்ணீரும் புட்டியில் சொன்ன அளவு கழிப்பறை மருந்தும் குழாய் வழியாக ஊற்றி மூடுங்கள். மருந்தைக் கிண்ணத்தின் வழியாக ஊற்றினால் கத்தியைச் சுற்றியுள்ள ரப்பர் கெடும். ரப்பர் கெட்டால் எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாது.

பாத்திரம் கழுவிய தண்ணீர் வேறு தொட்டியில் சேரும். அதையும் இங்கேதான் திறந்துவிட வேண்டும்.

நியூசிலாந்துக்கு என்ன சமையல் சாமான் கொண்டுபோகலாம்? வண்டிக்குள் நம் சமையல் சரிவருமா?
— வாசகி, திருநெல்வேலி

தேன் கொண்டுபோகவே கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய், பூ வேண்டாம். விதையாக இருப்பவை, பால் பொருள்கள், நெய் இனிப்புகள் அங்கே போய் வாங்கிக்கொள்வதே நிம்மதி. ஆக்லாந்தின் சாண்ட்ரிங்ஹாம் பகுதியிலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் இந்திய மளிகைக் கடைகள் உள்ளன. கடையில் வாங்கிப் பிரிக்காத சாம்பார் பொடி, மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி போன்றவற்றை எடுத்துப் போகலாம். ஆனால் எதைக் கொண்டுபோனாலும் பயண அறிவிப்புப் படிவத்தில் ‘உணவு உண்டு’ என்று குறியுங்கள். குறித்துவிட்டுக் காட்டினால் மிஞ்சிப்போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். குறிக்காமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர். மண் ஒட்டிய ஷூவையும் ஊரிலேயே தேய்த்துக் கழுவிவிடுங்கள், அதையும் பார்ப்பார்கள்.

மூன்று லிட்டர் குக்கர் ஒன்று கட்டாயம். வண்டியில் இருக்கும் பாத்திரங்கள் மெல்லியவை; அவற்றில் பருப்பு வேகவைத்தால் கேஸும் தண்ணீரும் வீண். கீழே பருப்பு, மேலே கிண்ணத்தில் அரிசி என்று ஒரே விசிலில் முடியுங்கள். ஆனால் குக்கர் ஆவி முழுக்க வண்டிக்குள் படியும். குளிர் இரவில் அது கண்ணாடியிலும் மெத்தை அடியிலும் நீராகச் சொட்டும். கூரைக் கதவைத் திறந்து, அடுப்புக்கு மேல் உள்ள விசிறியைப் போட்டுவிட்டுச் சமையுங்கள். கடுகு தாளிப்பதை வண்டிக்குள் வேண்டாம் என்றே சொல்வோம். கடுகு வெடித்து மிளகாய் கிள்ளிப் போட்டதும் புகை எச்சரிக்கை அலறும். எண்ணெய்ப் பிசுக்கு திரைத்துணியில் ஏறிவிட்டால் சுத்தம் செய்யும் கட்டணம் கேட்பார்கள். ஹாலிடே பார்க் சமையலறையில் ஒரே தடவையாகத் தாளித்து, புளிக்காய்ச்சலோ தக்காளித் தொக்கோ கிண்டி டப்பாவில் போட்டுக்கொண்டால் மூன்று நாள் ஓடும். மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

மளிகைக்குப் பாக்கன்சேவ் சூப்பர்மார்க்கெட் மலிவு. கிறைஸ்ட்சர்ச், குயின்ஸ்டவுன் இரண்டிலும் உண்டு. வனாகாவில் நியூ வேர்ல்ட் என்ற சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. அதைத் தாண்டி மேற்குக் கரையில், கிரேமவுத்துக்குச் சற்று முன்னுள்ள ஹோகிடிகா வரை சின்னக் கடைகள்தான், விலையும் ஏறும். வனாகாவிலேயே நான்கு நாள் சாமானை ஏற்றிவிடுங்கள்.

இரவில் ஹீட்டர் திடீரென்று நின்றுபோகும் என்கிறார்கள், ஏன்? சுவர் பிளக்கில் போன் சார்ஜ் ஏறாது என்பதும் உண்மையா?
— வாசகர், சிங்கப்பூர்

உண்மை. வண்டிச் சுவரில் உள்ள 230 வோல்ட் பிளக் வெளியே மின்கம்பி செருகியிருந்தால் மட்டுமே வேலை செய்யும். மற்ற நேரம் 12 வோல்ட், யூஎஸ்பி முனைகள்தான். மின்கேத்தல், ஹேர் டிரையர் எல்லாம் ஹாலிடே பார்க்குக்கு மட்டும்.

டீசல் ஹீட்டர் நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். அது எரிவதற்கு வண்டியின் டாங்கியிலிருந்தே டீசலை உறிஞ்சுகிறது. பல வண்டிகளில் அந்தக் குழாய் அடிவரை இறங்காது. கால் டாங்கிக்குக் கீழே போனால் ஹீட்டருக்கு மட்டும் டீசல் எட்டாது. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஹீட்டர் ஆகாது. நீங்கள் நடுராத்திரியில் வண்டியின் கரண்டெல்லாம் போய்விட்டதோ என்று குழம்புவீர்கள். குளிர்ப் பகுதியில் எப்போதும் அரை டாங்கிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பேட்டரி. ஹீட்டர் பற்றவைக்கும் முதல் சில நிமிடங்களில்தான் மின்சாரத்தை அதிகம் இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு நின்றுவிடும். அதனால் அணைத்து அணைத்துப் போடுவதைவிட, குறைந்த அளவில் தொடர்ந்து எரியவிடுவது மேல். ஒரே இடத்தில் வண்டி ஓடாமல் நின்றால் இரண்டாம் இரவே பேட்டரி சோர்ந்துவிடும்.

குளிருகிறது என்று சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் கதகதப்புக்கு உட்காரவே கூடாது. மூடிய வண்டிக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கூரைக் கதவை விரற்கடை அளவாவது திறந்து வைத்துத் தூங்குங்கள்.

எங்கள் கார் உரிமம் போதுமா? சாலையில் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், யாழ்ப்பாணம்

கார் உரிமத்திலேயே 6,000 கிலோ வரையான மோட்டார்ஹோம் ஓட்டலாம். உரிமத்தில் ஆங்கிலம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ அங்கீகரித்த மொழிபெயர்ப்போ வேண்டும். இடப்பக்கம்தான் ஓட்டம். ஊருக்கு வெளியே உச்ச வேகம் 100. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு 90.

ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத்தடப் பாலங்கள்தான் நமக்குப் புதிது. மேற்குக் கரை நெடுக வரும். சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் திசை அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள் நின்று வழிவிட வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரியதாக வெள்ளையில் இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அப்போதும் எதிரே வண்டி ஏறிவிட்டதா என்று பார்த்தே போங்கள்.

வரைபடம் சொல்லும் நேரத்தோடு நான்கில் ஒரு பங்கு கூட்டுங்கள். பின்னால் மூன்று நான்கு கார் சேர்ந்தால் ஒதுங்குமிடத்தில் வழிவிடுங்கள். ஊர்க்காரர்கள் இதை மிகவும் மதிக்கிறார்கள். டி அனாவிலிருந்து மில்ஃபர்ட் சவுண்ட் போக 120 கிலோமீட்டர்; டி அனாவிலேயே டாங்கியை நிரப்புங்கள், வழியில் போன் எடுக்காது. மே முதல் நவம்பர் வரை அந்தச் சாலையில் பலகை சொல்லும் நாள்களில் பனிச் சங்கிலி வைத்திருப்பது கட்டாயம். குயின்ஸ்டவுன் அருகே ஸ்கிப்பர்ஸ் சாலைக்கு வாடகை வண்டியோடு போனால் இன்சூரன்ஸ் செல்லாது.

விபத்தில் காயம் பட்டால் சுற்றுலாப் பயணிக்கும் அரசின் விபத்துக் காப்பீட்டுத் திட்டமான ஏசிசி சிகிச்சைச் செலவுக்கு உதவும். காய்ச்சல், நெஞ்சுவலி போன்றவற்றுக்கு உதவாது. பயணக் காப்பீட்டை அதனால் விட்டுவிடாதீர்கள். அவசர எண் 111.

ஒரு டாலருக்கு மோட்டார்ஹோம் கிடைக்கும் என்பது ஏமாற்றா?
— வாசகர், திருச்சி

ஏமாற்றில்லை. பலர் ஆக்லாந்தில் எடுத்துத் தெற்கே விட்டுவிட்டுப் பறந்துவிடுவதால், கிறைஸ்ட்சர்ச்சிலும் குயின்ஸ்டவுனிலும் வண்டிகள் குவியும். அவற்றை வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்க நாளுக்கு ஒரு டாலர் என்று கொடுப்பார்கள். சில சலுகைகளில் பிக்டனிலிருந்து வெலிங்டனுக்குக் கப்பல் கட்டணமும் அடங்கும். அடங்காவிட்டால் வண்டியின் நீளத்துக்கு ஏற்பப் பெரிய தொகை வரும், கேட்டுக்கொள்ளுங்கள். கப்பலில் ஏற்றும் முன் கேஸ் சிலிண்டரை மூட மறக்காதீர்கள். நாள்கள் குறைவு, தேதி அவர்கள் சொல்வது, அறிவிப்பு கடைசி நேரத்தில். தனியாளுக்கும் நண்பர்கள் இருவருக்கும் அருமையான வழி. பிள்ளைகளோடு விமான டிக்கெட் போட்டுவிட்டு இதை நம்பி இறங்க வேண்டாம்.

ஏதோ கிளி வண்டியைக் கடிக்குமாமே?
— வாசகி, சென்னை

கடிக்கும். கியா என்ற மலைக்கிளி, பச்சை உடம்பு, சிறகுக்கு அடியில் ஆரஞ்சு நிறம். ஆர்தர்ஸ் பாஸிலும் மில்ஃபர்ட் சவுண்ட் சாலையில் உள்ள ஹோமர் சுரங்க வாயிலிலும் கூட்டமாக வரும். ஜன்னலைச் சுற்றிய ரப்பரையும் வைப்பரையும் கொத்திப் பிடுங்குவது அதற்கு விளையாட்டு. ரப்பர் போனால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், பழுதுச் செலவு உங்கள் தலையில். அருகிவரும் பறவை என்பதால் தீனி போடக் கூடாது. போட்டால் வண்டிக்கு வண்டி வரப் பழகி அடிபட்டுச் சாகும். ஒருவர் வண்டியருகே நின்றுகொண்டால் போதும், மற்றவர்கள் படம் எடுத்துவிட்டு வரலாம்.